நுரையும் அலசலும்: பழைய சலவை இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய தானியங்கிச் சலவை இயந்திரங்களைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, இன்றும் அவற்றில் துணி துவைக்கும் அனைவருக்கும்:

நுரைக்கும் துணி வெளுப்பதற்கும் நேரடித் தொடர்பு இருந்த காலம் ஒன்று உண்டு. அது சோப்பின் காலம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரளும். போட்ட சோப்பில் முதல் பங்கு இதற்கே போய்விடும். அந்தக் கடன் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் அழுக்கை எடுக்கும். அது மிஞ்சியதா இல்லையா என்பதை நுரைதான் காட்டும். துணியிலுள்ள எண்ணெய்ப் பசையும் நுரையைக் கொல்லும் என்பதால், துவைக்கும்போது நுரை அடங்கிப்போனால் இன்னும் சோப்பு வேண்டும் என்று பொருள். நுரை வரும்வரை சோப்பைப் போடு என்பது அறியாமையில் பிறந்த வழக்கம் இல்லை. அன்றைய வேதியியலுக்கு அது சரியான அளவுகோல்.

அந்த அளவுகோலை உடைத்தது செயற்கை டிடர்ஜென்ட். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1946இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய டைடு தூளில் இரண்டு பொருள்கள் கூட்டாக வேலை செய்தன. அழுக்கை எடுக்க ஒரு செயற்கைச் சலவைப்பொருள்; தண்ணீரின் கடினத்தன்மையைக் கட்டிப்போட சோடியம் டிரைபாலிஃபாஸ்பேட். ஃபாஸ்பேட் கால்சியத்தைப் பிசுக்காக்காமல் கரைசலிலேயே பிடித்துக்கொள்ளும். எனவே நுரை எப்போதும் வந்தது, ஏராளமாக வந்தது. ஆனால் அந்த நுரைக்கும் அழுக்கு போவதற்கும் இருந்த பழைய உறவு அறுந்துவிட்டது. நுரையே எழுப்பாத சில டிடர்ஜென்ட்கள் நன்றாகத் துவைக்கும். பொங்கி வழியும் சில, சுமாராகத்தான் துவைக்கும். 1953 வாக்கில் அமெரிக்காவில் டிடர்ஜென்ட் விற்பனை சோப்பு விற்பனையை முந்தியது. வாங்குவோர் மனத்தில் மட்டும் சோப்புக் காலத்து அளவுகோல் தங்கிவிட்டது. விளம்பரங்களும் அதைக் கலைக்க முயலவில்லை. பழைய இயந்திரங்களின் மூடியைத் திறந்து நுரையின் உயரத்தை ரசிக்கும் இன்றைய சேகரிப்பாளரும் அதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார். இந்த மடலின் வாதம் ஒன்றே: பழைய இயந்திரத்தில் நுரையைத் துவைக்கும் கட்டத்தில் அளக்கக் கூடாது, அலசும் கட்டத்தில் அளக்க வேண்டும். நுரை எவ்வளவு தொல்லை தரும் என்பதை, அழுக்குத் தண்ணீர் எந்த வழியாக இயந்திரத்தை விட்டு வெளியேறுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

நுரை என்பது மெல்லிய நீர்ப்படலங்களுக்குள் அடைபட்ட காற்று. தூய நீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். டிடர்ஜென்ட் அதைப் பாதிக்கும் கீழே இறக்கும். இழுவிசை குறைந்தால் மட்டும் குமிழி நிற்காது. படலம் ஓரிடத்தில் மெலிந்தால் அங்கே டிடர்ஜென்ட் மூலக்கூறுகளின் அடர்த்தி குறையும், இழுவிசை சற்றே ஏறும், சுற்றியுள்ள நீர் அந்த இடத்துக்கு இழுபட்டு ஓட்டை அடைபடும். இந்தத் தானியங்கி ஒட்டுவேலை நடக்கும்வரை நுரை நிலைக்கும். அதைக் குலைக்கும் எதுவும் நுரையை அழிக்கும்: எண்ணெய்த் துளி, கரையாத கால்சியம் சோப்பின் துகள், சிலிக்கோன். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு இதுவே அடிப்படை.

நுரையோடு முதலில் மோதியவை ஃபிரண்ட் லோடு இயந்திரங்கள். 1937இல் லூசியானா மாநிலக் கண்காட்சியில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட பெண்டிக்ஸ், வீட்டுக்கான முதல் தானியங்கி எனப் பெயர் பெற்றது. அதிர்வைத் தாங்கும் தொங்கல் அமைப்பு இல்லாததால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் லாண்ட்ரோமேட் 1940இல் வந்தது. இவ்வகையில் துணி டிரம்மின் உச்சிக்கு ஏறித் தொப்பென்று தண்ணீரில் விழ வேண்டும். அந்த அடிதான் துவைப்பு. டிரம் நுரையால் நிறைந்தால் விழும் துணி மெத்தையில் விழுந்தது போல் மெல்ல இறங்கும், அடி கிடைக்காது. கதவிடுக்கிலும் தூள் போடும் வாயிலும் நுரை வழியும். நுரை குறைந்த டிடர்ஜென்ட் என்ற சரக்கே இந்தத் தேவையில் பிறந்தது. மான்சான்டோ தயாரித்த ஆல் என்ற தூள் (1957இல் லீவர் பிரதர்ஸ் கைக்குப் போனது), புராக்டர் அண்ட் கேம்பிள் 1954இல் கொண்டுவந்த டாஷ் இரண்டும் தானியங்கிகளுக்கென்றே விற்கப்பட்டவை. ஜெர்மனியில் 1951இல் கான்ஸ்ட்ரக்டா டிரம் இயந்திரம் வந்தது. ஹெங்கெல் நிறுவனத்தின் நுரை அடக்கிய டிக்சான் 1957இல் வந்தது. ஐரோப்பா டிரம்மிலேயே நின்றுவிட்டதால் அங்கே நுரைச் சண்டை சீக்கிரம் முடிந்தது. அமெரிக்கா டாப் லோடு பக்கம் சாய்ந்தது, சண்டை நீண்டது.

டாப் லோடு இயந்திரங்கள் நுரையைப் பொறுத்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. நடுவில் அஜிடேட்டர் என்ற துழாவும் தண்டு சுழன்று திரும்பும். துணி முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும். மேலே மிதக்கும் நுரை துவைப்பைக் கெடுக்காது. சில வடிவமைப்புகள் நுரையை வலிய எழுப்பவும் செய்தன. ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஃபில்டர் ஃப்ளோ வகையில் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி அஜிடேட்டர் மீதிருக்கும் வடிதட்டில் ஊற்றிக்கொண்டே இருக்கும். கொட்டும் நீர் காற்றை உள்ளிழுத்து நுரையை வளர்க்கும். ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவாக இருந்த ஃப்ரிஜிடேர் 1947இல் கொண்டுவந்த இயந்திரத்தில் அஜிடேட்டர் சுழலாமல் மேலும் கீழும் குத்தும். அதுவும் காற்றை நன்றாகக் கலக்கும். இவை துவைக்கும்வரை சிக்கலில்லை. தண்ணீரை வெளியேற்றும் நொடியில்தான் ஒவ்வொரு வடிவமைப்பின் குணமும் வெளிப்படும்.

தண்ணீர் வெளியேறும் வழிகள் மூன்று. முதலாவது, துளையில்லாத தொட்டி. ஃப்ரிஜிடேரின் வழி இது. தொட்டி சுழலத் தொடங்கியதும் தண்ணீர் சுவரில் ஏறி மேல் விளிம்பு வழியாக வெளியே வீசப்படும். மேலே மிதந்த நுரையும் பிசுக்கும் முதலில் போகும்; அவை துணி வழியாக இறங்குவதே இல்லை. சுழற்சிக்கு முன் கூடுதல் நீர் விட்டு நுரையை விளிம்பு தாண்டி மிதக்கவிடும் ஏற்பாடும் இவ்வகையில் உண்டு. கனமான மணல் மட்டும் வெளியேறச் சங்கடப்படும். இந்த இயந்திரங்களில் சில, நிமிடத்துக்கு 1,140 சுற்று வேகத்தில் பிழிந்தன. அக்காலத்துக்கு அது அசாதாரணம். நுரையைப் பொறுத்தவரை மூன்றில் சிறந்த வழி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாவது, துளையிட்ட கூடை நிற்கும்போதே தண்ணீரை வடிப்பது. வேர்ல்பூல் தயாரித்துத் தன் பெயரிலும் சியர்ஸ் கடைகளின் கென்மோர் பெயரிலும் விற்ற பெல்ட் இயந்திரங்கள் பெரும்பாலும் இப்படி. நீர்மட்டம் இறங்க இறங்க நுரை முழுவதும் துணியின்மேல் வந்து படியும். அழுக்கு நீரும் துணி வழியாகவே வடியும். துணி வடிதுணியாகிவிடுகிறது என்று எதிர்த்தரப்பு விற்பனையாளர்கள் குத்திக்காட்டக் காரணம் இது. ஆனால் இதற்கொரு நன்மை உண்டு. கூடை சுழலத் தொடங்கும்போது பெரும்பகுதித் தண்ணீர் ஏற்கெனவே போயிருக்கும், மோட்டாருக்குச் சுமை குறைவு. படிந்த நுரையைச் சுழற்சியின் நடுவே பீய்ச்சும் நீர் ஓரளவு கழுவும்.

மூன்றாவது, துளையிட்ட கூடையைச் சுழற்றிக்கொண்டே வடிப்பது. மேட்டாக் இயந்திரங்கள் பலகாலம் இதைக் கையாண்டன. மோட்டார் எதிர்த்திசையில் திரும்பினால் கூடையும் சுழலும், பம்பும் இறைக்கும். அழுக்கு நீர் துணி வழியாகக் கீழே வடியாமல் பக்கவாட்டில் போகும் என்பது இதன் பலம். பலவீனம், நுரை அதிகமானால் நேரும் அடைப்பு.

அந்த அடைப்பு நேரும் விதம் இது. உள்கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே குறுகிய இடைவெளி இருக்கிறது. டிடர்ஜென்ட் மிகுந்த நீர் அதற்குள் வீசப்படும்போது, சுழலும் கூடையே அதைக் கடைந்து கெட்டி நுரையாக்கும். பம்ப் தண்ணீரை இறைக்கவே செய்யப்பட்டது; காற்று கலந்த நுரை அதன் இறக்கைகளில் வெறுமனே சுழலும், வெளியே போகாது. நுரை இடைவெளியில் தங்கிக் கூடையைப் பிடித்து இழுக்கும். பெல்ட் வழுக்கும், மோட்டார் சூடேறி அதன் பாதுகாப்புச் சுவிட்ச் விழும், அல்லது கூடை பாதி வேகத்திலேயே மூச்சிரைத்தபடி சுற்றும். நேரங்காட்டிக்கு இது எதுவும் தெரியாது. அது குறித்த நிமிடம் முடிந்ததும் அலசலுக்கான நீரைத் திறந்துவிடும். சரியாகப் பிழியாத துணிமீதும், வெளித்தொட்டியில் அப்படியே நிற்கும் நுரைமீதும் புதிய நீர் விழும். பழைய இயந்திரம் சரியாக அலசவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி, உண்மையில் அதற்கு முந்தைய சுழற்சி சரியாக நடக்கவில்லை என்ற புகாரே.

இதன் கடுமையைக் கணக்குப் போட்டால் புரியும். உதாரணத்துக்கு, 60 லிட்டர் நீரில் 100 கிராம் டிடர்ஜென்ட் கரைந்திருப்பதாகவும், நன்றாகப் பிழிந்தபின் துணியில் 3 லிட்டர் நீர் மட்டும் தங்குவதாகவும் வைத்துக்கொள்ளலாம். தங்கிய நீரில் 5 கிராம் இருக்கும். மீண்டும் 60 லிட்டருக்கு நிரப்பி அலசிப் பிழிந்தால் துணியில் மிஞ்சுவது கால் கிராம். இப்போது நுரையால் சுழற்சி கெட்டு ஒவ்வொரு முறையும் 12 லிட்டர் தங்குகிறது என்றால், முதல் பிழிதலுக்குப் பின் 20 கிராம், அலசிய பின் 4 கிராம். அலசும் நீரின் அளவு இரண்டிலும் ஒன்றே. மிச்சம் மட்டும் 16 மடங்கு. நாரோடு ஒட்டிக்கொள்ளும் பகுதியைச் சேர்க்காத எளிய கணக்கு இது, திசை மாறாது. இன்னொரு அலசலைச் சேர்ப்பதைவிட ஒவ்வொரு பிழிதலையும் சரியாக நடத்துவது லாபம் என்பதை இது காட்டுகிறது.

அலசும்போது நுரை அடங்குவதற்குத் தண்ணீரின் குணமும் காரணம். நுரை அடக்க உயர்கொழுப்பு அமிலச் சோப்பைச் சிறிதளவு டிடர்ஜென்டில் சேர்ப்பது பழைய உத்தி. அது கால்சியத்தோடு சேரும்போது உண்டாகும் நுண்துகள்களே நுரைப்படலத்தை உடைக்கின்றன. ஃபாஸ்பேட் வலுவாக இருக்கும் துவைநீரில் கால்சியம் கட்டுண்டு கிடப்பதால் இந்த வேலை மெதுவாக நடக்கும். அலசலில் புதிய குழாய் நீர் வரும்போது ஃபாஸ்பேட் நீர்த்துப்போகும், கால்சியம் கூடும், சட்டென்று நுரை மடியும். ஆனால் மழைநீர் போன்ற மென்னீர் வரும் ஊரில், அல்லது நீர் மென்மையாக்கி பொருத்திய வீட்டில், அலசலுக்கு வரும் நீரில் கால்சியம் அநேகமாகக் கிடையாது. ஒரே இயந்திரமும் ஒரே தூளும் ஓர் ஊரில் தெளிந்த நீரும் இன்னோர் ஊரில் மூன்றாம் அலசலிலும் நுரையும் தருவது இதனால்தான். மென்மையாக்கி வைத்திருப்பவர் தூளைப் பாதியாகக் குறைத்தாலே போதும். பலர் அதைச் செய்வதில்லை.

அக்காலத்தின் சிக்கனம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சட்ஸ் சேவர் என்ற வசதியுள்ள இயந்திரங்கள், துவைத்த சூடான நீரைச் சாக்கடைக்கு விடாமல் பக்கத்திலுள்ள தொட்டியில் சேர்த்து, அடுத்த துணிக்கு மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். அடியில் படிந்த சேறு வராதிருக்கக் கடைசிச் சில அங்குலத் தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டுவிடும். வெள்ளைத் துணி முதலில், வண்ணத் துணி அடுத்து, வேலைக்குப் போட்ட முரட்டுத் துணி கடைசியில் என்பது வரிசை. வெந்நீரும் சோப்பும் விலைமதிப்பாயிருந்த வீடுகளில் அறிவார்ந்த ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொஞ்சம் தூள் சேர்ப்பதால் மூன்றாவது துணிக்கு வரும்போது நீரின் அடர்த்தியை யாரும் கணிக்க முடியாது. இன்று இதை ஓட்டிக் காட்டுவோர் நுரை குறைந்த தூளையே பயன்படுத்துவது நல்லது.

டிடர்ஜென்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதல் தலைமுறை டிடர்ஜென்ட்களில் பரவலாக இருந்த ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டின் கிளைத்த சங்கிலியை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. 1950களில் அமெரிக்க, ஐரோப்பிய ஆறுகளிலும் கழிவுநீர் நிலையங்களிலும் நுரை மலைகள் எழுந்தன. ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கத் தொழில்துறை 1965இன் நடுவில் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறி முடித்தது. அடுத்து ஏரிகளில் பாசி பெருக்கக் காரணமான ஃபாஸ்பேட் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. 1970களில் தொடங்கி அமெரிக்காவின் பல பகுதிகள் அதைத் தடைசெய்தன; 1990களின் நடுவில் வீட்டுச் சலவைத் தூளிலிருந்து அது அநேகமாக மறைந்தது.

அலசலைப் பொறுத்தவரை இரண்டாவது மாற்றமே பெரிது. ஃபாஸ்பேட்டின் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று சலவைச் சோடா. அது கால்சியத்தைக் கரைசலில் வைத்துக்கொள்ளாது, சுண்ணாம்பாகப் படியவிடும். கடின நீரில் துணி விறைப்பதும் தொட்டியின் பீங்கான் பூச்சில் வெள்ளை ஏறுவதும் இதனால். இன்னொன்று சியோலைட், அதுவே கரையாத நுண்தூள், அலசல் குறைந்தால் கருநிறத் துணியில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அலசல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் விட்டாலும் படிந்த சுண்ணாம்பு போகாது. கடைசி அலசலில் சிறிது வெள்ளை வினிகர் விட்டால் அது கரையும். பழைய இரும்புத் தொட்டியின் பீங்கான் பூச்சு உதிர்ந்திருந்தால் அமிலத்தை அடிக்கடி காட்டக் கூடாது. தூளோடு டிரைபாலிஃபாஸ்பேட்டைத் தனியாக வாங்கிக் கலக்கும் சேகரிப்பாளர்களும் உண்டு. துணி தெளிவாக அலசப்படுகிறது என்று அவர்கள் சொல்வதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. அந்தக் கழிவுநீர் ஏரிக்குப் போகும் ஊரில் அதற்கு வேறொரு கணக்கும் இருக்கிறது.

இன்றைய தூளைப் பழைய இயந்திரத்தில் போடுவோர் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைச் செய்கின்றனர். 1950களின் குறிப்பேட்டில் ஒரு கோப்பை என்று இருப்பதைப் பார்த்து இன்றைய தூளிலும் ஒரு கோப்பை போடுவது ஒன்று. 1990 வாக்கில் தூள்கள் செறிவாக்கப்பட்டன. பழைய கோப்பை அளவு இன்று அளவுமீறிய அளவு, நுரை அடைப்புக்கு அதுவே முதற்காரணம். மற்றது, குறைந்த நீரில் ஓடும் புதிய இயந்திரங்களுக்கான நுரையற்ற டிடர்ஜென்டை அதன் மூடியில் குறித்த அளவே ஊற்றுவது. அந்த அளவு 15, 20 லிட்டர் நீரை நினைத்துச் சொன்னது. பழைய டாப் லோடு ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர்வரை பிடிக்கும். நீர்த்துப்போன கரைசலில் அழுக்கு மீண்டும் துணியில் ஒட்டும். நுரையற்ற வகையை எடுத்து அளவைச் சற்றே கூட்டுவது, துளைக்கூடையைச் சுழற்றி வடிக்கும் இயந்திரங்களுக்கு மிகப் பொருத்தம். துளையில்லாத தொட்டிக்காரர்கள் சாதாரணத் தூளையே தாராளமாகப் பயன்படுத்தலாம். பெண்டிக்ஸ், லாண்ட்ரோமேட் வைத்திருப்போருக்கு நுரையற்ற வகை ஒன்றே வழி.

மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, உலர்ந்த சுத்தமான துண்டுகளைத் தூள் போடாமல் வெதுவெதுப்பான நீரில் ஓட்டுவது. அஜிடேட்டர் வெறும் நீரிலும் குமிழி எழுப்பும். அவை நின்றதும் உடைந்துவிடும். இயந்திரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் மேற்பரப்பில் நுரைத்திட்டு நின்றால் முந்தைய சலவையின் டிடர்ஜென்ட் துண்டில் இருக்கிறது. நுரையற்ற வகைக்கு இந்தச் சோதனை செல்லாது. நுரை இல்லாததால் அங்கே எதுவும் உறுதியாவதில்லை. அதற்குக் காரகாடித்தன்மை காட்டும் தாளைக் குழாய் நீரிலும், கடைசி அலசலில் வெளியேறும் நீரிலும் நனைத்து ஒப்பிட வேண்டும். தூள் டிடர்ஜென்ட் பெரும்பாலும் காரமுடையது, அதில் இரண்டு நிறமும் ஒன்றானால் அலசல் பெரும்பாலும் முடிந்தது.

அடைப்பு நேர்ந்துவிட்டால் சுழற்சியைத் தொடரவிடக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, மோட்டார் ஆறும்வரை விட்டு, நேரங்காட்டியை அலசலுக்குத் திருப்பி, குளிர்ந்த நீரை நிரம்பவிட வேண்டும். சுழலாமல் வடிக்கும் வசதி இருந்தால் அந்த நீரை அப்படியே வடித்துவிட்டு மீண்டும் நிரப்பலாம். துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு மூடியளவு விட்டால் நுரை உடனே சரியும். அதிலுள்ள நேர்மின் மூலக்கூறுகள் டிடர்ஜென்டின் எதிர்மின் மூலக்கூறுகளோடு இணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்வதால் அது நடக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்த மெழுகுப்பசை துணியில் தங்கக்கூடும் என்பதால் அவசரத்துக்கு மட்டுமே இது. சிலிக்கோன் நுரையடக்கி என்றால் சில துளி போதும். நுரை மேலே மறைந்தபின்னும் வெளித்தொட்டியின் அடியில் இருக்கும். எனவே துணியை வெளியே எடுத்துவிட்டு இயந்திரத்தை மட்டும் ஒருமுறை முழுநீரில் ஓட்டி, வடிகுழாயில் வரும் நீரைப் பார்த்த பிறகே துணியைத் திரும்பப் போட வேண்டும்.